மெக்கார்ட்னியின் மெட்டு, மார்ட்டினின் இசை

1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு பீட்டில்ஸ் குழுவினர் ஊர் ஊராகச் சென்று வாசிப்பதை நிறுத்திக்கொண்டனர். அதன்பின் கிடைத்த ஓய்வில், அக்குழுவின் பாடகர்களுள் ஒருவரான பால் மெக்கார்ட்னி, பௌல்டிங் சகோதரர்களின் 'தி ஃபேமிலி வே' என்ற ஆங்கிலப் படத்துக்கு இசையமைத்தார். வட இங்கிலாந்துத் தொழிலாளர் குடும்பத்தில் புதிதாக மணமான இருவரின் கதையான அப்படத்திலிருந்து, 'லவ் இன் தி ஓப்பன் ஏர்' என்ற இசைப்பகுதி அவ்வாண்டு டிசம்பரிலேயே தனி இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் பாடல் வரிகள் இல்லை. மெக்கார்ட்னியின் குரலும் இல்லை. வழங்குபவர் என்று அச்சிடப்பட்டிருந்ததும், பீட்டில்ஸின் பாடல்பதிவுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினுடைய இசைக்குழுவின் பெயர்தான்.

அதுவே நியாயம் என்பேன். மெக்கார்ட்னிக்கு இசைக்குறிப்பு எழுதவும் படிக்கவும் தெரியாது. அவர் தந்தவை மிகச் சிறிய மெட்டுகள். காதல் காட்சிக்குரிய மெட்டைக் கறப்பதற்கு மார்ட்டின் அவரை விடாமல் நச்சரிக்க வேண்டியிருந்தது. லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் ஓபோ என்னும் குழல் கருவியைப் பயின்ற மார்ட்டின்தான் அச்சிறு மெட்டுகளைக் காட்சிகளுக்கேற்ப நீட்டியும் சுருக்கியும், கருவிக்குக் கருவி மாற்றியும், ஒரு முழுப் படத்துக்கான இசையாக எழுதினார். படத்தின் இசைத்தொகுப்பைக் கேட்பவர், ஒரே மெட்டு வெவ்வேறு கருவிகளில் வெவ்வேறு மனநிலையோடு திரும்பி வருவதை எளிதில் உணரலாம். அந்த வேலைக்குப் பெயர் கிடைப்பது எந்த ஊர்த் திரையிசையிலும் அரிது.

இருப்பினும் தலைப்பு இசையில் முழங்கும் பிராஸ் பேண்டு, அதாவது பித்தளை ஊதுகருவிகளின் குழு, மெக்கார்ட்னிக்கு அந்நியமன்று. சுரங்கங்களும் ஆலைகளும் தத்தம் பேண்டுகளை வளர்த்த வட இங்கிலாந்தில் பிறந்தவர் அவர். தாத்தா லிவர்பூல் புகையிலைத் தொழிற்சாலையின் பேண்டில் ட்யூபா என்ற பெரிய ஊதுகருவியை வாசித்தவர், தந்தை ட்ரம்பெட் வாசித்தவர்.

விற்பனையில் அந்த இசைத்தட்டு பேர் சொல்லவில்லை. மெட்டுக்கு, பிரிட்டனில் இசை படைப்போருக்கு வழங்கப்படும் ஐவர் நொவெல்லோ விருது மட்டும் கிடைத்தது. பீட்டில்ஸ் ரசிகருக்குக் குரல் வேண்டும், பாடல் வேண்டும். படம் பார்த்தவரோ இசைத்தட்டுக் கடைக்குப் போகிறவராக இருந்திருக்கமாட்டார். மெக்கார்ட்னி அதனால் சோர்ந்துவிடவில்லை. 1968இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு அமைத்த மெட்டை யார்க்‌ஷயரின் பிளாக் டைக் மில்ஸ் பேண்டை வாசிக்கவைத்து, பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட தனி இசைத்தட்டுகளுள் ஒன்றாகக் கொண்டுவந்தார். அதிலும் அவர் பாடவில்லை.