சுருக்குப்பை ஆபரேஷன்

ஆறாவது படிக்கும் என் மகனுக்கு இடது கீழ்த்தாடை லேசாக வீங்கியிருந்தது. வலி கிடையாது. விழ வேண்டிய கடவாய்ப் பால்பல் ஒன்று மட்டும் விழாமல் நின்றது. உசிலம்பட்டியில் பல் டாக்டர் பார்த்துவிட்டு மதுரைக்குப் போய் ஓபிஜி எடுங்கள் என்றார். தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரிகிற எக்ஸ்ரே அது. பால்பல்லுக்கு அடியில் முளைக்க வேண்டிய பல் சாய்ந்து படுத்திருக்க, அதன் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழம் போல ஒரு கறுப்பு வட்டம். நீர்க்கட்டி என்றார்கள்.

முகத்தாடை சர்ஜன் சீட்டில் எழுதியது இரண்டே வார்த்தைதான்: மார்சுபியலைசேஷன், தேவைப்பட்டால் பிறகு இனுக்ளியேஷன். அவர் விளக்கிச் சொன்னார், நான்தான் பயத்தில் பாதியைக் காதில் வாங்கவில்லை. வெளியே வந்து போனில் முதல் வார்த்தையைத் தேடினால் வருவதெல்லாம் பெண்களின் பிறப்புறுப்புப் பக்கத்தில் வரும் பார்த்தோலின் கட்டியைப் பற்றி! மருந்துக்கடைத் தம்பியும் சீட்டைப் பார்த்து, "யாருக்குக்கா, உங்களுக்கா?" என்று கூச்சத்தோடு கேட்டான். பையனுக்கு, அதுவும் வாயில் என்றதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இரண்டாவது வார்த்தைதான் உயிரை எடுத்தது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ப்ளஸ் டூ முடித்த பெண்கள் கண் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் சேருவது வழக்கம், என் தங்கையும் அப்படிச் சேர்ந்து பல வருஷமாக அங்கேதான் வேலை பார்க்கிறாள். அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அவளுக்குப் போன் போட்டு வாசித்தேன். "அக்கா, சரியாப் பாத்துச் சொல்லு, இனுக்ளியேஷன்னா எங்ககிட்ட கண்ணை முழுசா எடுக்கிறது" என்றாள். எனக்குக் கால் ஓடவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன்.

டாக்டர் திட்டவில்லை, சிரித்தார். நுங்கு நோண்டியிருக்கீங்களா என்று கேட்டார். மட்டையை விட்டுச் சுளையை உடையாமல் எடுக்கிறோம் இல்லையா, அதுதான் இனுக்ளியேஷன். லத்தீனில் உள்ளே இருக்கும் பருப்பை வெளியே எடுப்பது என்றுதான் பொருளாம். கண் டாக்டருக்குச் சுளை என்பது விழி, இவருக்கு எலும்புக்குள் இருக்கும் கட்டிப்பை.

மார்சுபியலைசேஷனில் பையை எடுப்பதே இல்லை. ஒரு சன்னல் வெட்டி, நீரை வடித்து, பையின் விளிம்பை ஈறோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், வாய் மூடாமல் திறந்தே கிடக்கும். கங்காருவின் வயிற்றுப்பையைச் சொல்லும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்த பெயர். உடம்பில் எங்கே செய்தாலும் செயல் இதுதான், அதனால்தான் பார்த்தோலின் கட்டிக்கும் இதே பெயர். தாடைக் கட்டிக்கு இப்படிச் செய்வதை 1892-இல் பார்ட்ஷ் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்ததால், பல் டாக்டர்கள் பார்ட்ஷ் ஆபரேஷன் என்றும் சொல்வதுண்டு. வீட்டில் நான் கங்காருவில் ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருக்க, மாமியார் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "அப்பச் சுருக்குப்பை வாயை விரிச்சு வச்சுத் தைக்கிறாய்ங்கன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

பையை ஏன் அப்போதே எடுக்கவில்லை? உள்ளே நீரின் அழுத்தம் இருப்பதால்தான் கட்டி எலும்பைத் தின்று பெரிதாகிறது, திறந்து விட்டால் அழுத்தம் போய்விடும், எலும்பு ஓரத்திலிருந்து தானாக வளர்ந்து வரும். ஒரேயடியாக நோண்டினால் முளைக்காத பல்லும் போகலாம், கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் பக்கத்திலேயே ஓடுகிறது. குறை என்னவென்றால் பை உள்ளேயே இருக்கும், மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிய துண்டைக் கண்டிப்பாகப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், ஏனென்றால் எக்ஸ்ரேயில் இதே மாதிரி தெரியும் வேறு மோசமான கட்டிகளும் உண்டு. அந்த முடிவு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

ஆபரேஷன் பெரிதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பால்பல்லைப் பிடுங்கி, அந்தக் குழி வழியாகவே சன்னல் வெட்டினார்கள். மஞ்சள் துணியை உள்ளே திணித்து விட்டார்கள், ஐயோடோபார்ம் என்ற கிருமிக்கொல்லி மருந்து தடவியது, அந்த வாடை ஒரு வாரம் தலையணை வரைக்கும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஓட்டை மூடாமல் இருக்க அக்ரிலிக்கில் அளவெடுத்து ஒரு பிளக். பாடெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சில் சலைன் ஏற்றிப் பீய்ச்ச வேண்டும், சோற்றுப்பருக்கை வரும், ஒரு நாள் கடுகு வந்தது. மதியம் பள்ளிக்கூடத்தில் அவனே செய்யப் பழகிக்கொண்டான். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ரெண்டு நாள் பிளக் போடாமல் விட்டதில் ஓட்டை சுருங்கிப்போய், மறுபடி போய் அளவெடுத்து வந்தோம்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டம் சுருங்கியிருந்தது. எட்டாம் மாதம் சாய்ந்து கிடந்த பல் நிமிர்ந்து முனை காட்டிவிட்டது. இரண்டாவது ஆபரேஷன் இவனுக்குத் தேவைப்படவில்லை, பலருக்குத் தேவைப்படும் என்றார் டாக்டர். பல் கொஞ்சம் கோணல், கம்பி போட வேண்டி வரலாம். பிளக்கை யாரும் திருப்பிக் கேட்காததால் பென்சில் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு வகுப்பில் எல்லோருக்கும் காட்டுகிறான்.