275 நானோமீட்டர் சிப்: ஒளி எங்கே தொலைகிறது

மார்ச் 4
புறஊதாக் கதிரை உமிழும் எல்இடி சிப் இது. முதலில் கணக்கு. 6 வோல்ட், 100 மில்லிஆம்பியர்: உள்ளே போவது 600 மில்லிவாட். எல்லாத் திசை ஒளியையும் சேர்த்து அளக்கும் கோளத்தில் அளந்த ஒளி 24 மில்லிவாட். 4 சதவீதம். மீதி 576 மில்லிவாட்டும் வெப்பம். இந்த அலைநீளத்தில் ஒரு ஃபோட்டானுக்கு 4.5 எலக்ட்ரான்வோல்ட் என்பதால், நூறு எலக்ட்ரான் பாய்ந்தால் வெளியே வருவது ஏறத்தாழ ஐந்து ஃபோட்டான். 6 வோல்ட்டில் 4.5 போக, மின்னழுத்தத்தால் போவது கால்பங்குதான். பெரிய இழப்பு, வெளியே ஃபோட்டான் தராத மீதித் தொண்ணூற்றைந்து எலக்ட்ரானில் இருக்கிறது.

மார்ச் 5
வெப்பத்தைத் தனியே பிரிக்க வேண்டும். 1 மைக்ரோவினாடித் துடிப்பு, 1 சதவீத இயக்க நேரம். சராசரி ஒளியை நூறால் பெருக்கி, தொடர் மின்னோட்ட அளவீட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும். துடிப்பில் நன்றாக இருந்து தொடரில் சரிந்தால் சிப்பைக் குறை சொல்லாதீர்கள். அடியிலுள்ள தங்க-வெள்ளீயப் பற்றாசில் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று எக்ஸ்-கதிரில் பாருங்கள்.

மார்ச் 7
நிறமாலையை மடக்கை அளவுகோலில் வரையுங்கள். நேர் அளவுகோலில் 275-இல் ஒரே முகடு, பார்க்க அழகு. மடக்கையில்தான் 300-க்கு அப்பால் ஒரு தாழ்ந்த மேடு எழுந்து நிற்கும். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட அது முகட்டைவிட வேகமாக வளர்ந்தால், எலக்ட்ரான்கள் குவாண்டம் கிணறுகளை (ஒளி பிறக்கும் மெல்லிய அடுக்குகளை) தாண்டி, துளைகள் வரும் பி பக்கம் வழிகின்றன என்று சந்தேகிக்கலாம். அவற்றை மறிக்கும் தடுப்பு அடுக்கில் அலுமினியத்தைக் கூட்டலாம். ஆனால் துளைகளுக்கும் (எலக்ட்ரானோடு சேர்ந்து ஒளி தரும் நேர்மின் ஏந்திகளுக்கும்) அதே சுவர் உயரக்கூடும். துளைகளைத் தருவதற்காகச் சேர்க்கும் மெக்னீசியத்தின் அயனியாக்க ஆற்றல் காலியம் நைட்ரைடில் சுமார் 0.2 எலக்ட்ரான்வோல்ட், அலுமினியம் நைட்ரைடில் 0.5-க்கும் மேல். அறை வெப்பநிலை தருவதோ 0.026. துளைப் பஞ்சத்தின் வேர் இதுதான்.

மார்ச் 11
என் கணிப்பில் முதல் குற்றவாளி பி வகைக் காலியம் நைட்ரைடு. அதன் பட்டை இடைவெளி 3.4 எலக்ட்ரான்வோல்ட்; 365-க்குக் கீழே எல்லாவற்றையும் விழுங்கும். 100 நானோமீட்டர் அடுக்கில் போய்த் திரும்பும் ஒளியில் சில சதவீதம்கூடத் தேறாது. அடியில் நிக்கல்-தங்க மின்முனை இருந்தால் மிச்சமும் போச்சு. அடுக்கை 10 நானோமீட்டராகக் குறைத்தால் பாதிக்கு மேல் திரும்பும், ஆனால் தொடுமின்தடை ஏறி மின்னழுத்தமும் ஏறும். லாபமா நட்டமா என்பதை மில்லிவாட்டை வைத்து முடிவுசெய்யாதீர்கள், உள்ளே போகும் ஒரு வாட்டுக்கு வெளிவரும் ஒளி எத்தனை வாட் என்று பாருங்கள்.

ஒளிபுகும் பி வகை அலுமினியம் காலியம் நைட்ரைடு, ரோடியம் கண்ணாடி மின்முனை, வடிவமிட்ட சபையர் (சிப் வளர்க்கும் அடித்தளப் படிகம்), லென்ஸ் உறை நான்கையும் சேர்த்து, 2017-இல் ஜப்பானில் 275 நானோமீட்டரில் 20 சதவீதப் புறக் குவாண்டம் திறனை (நூறு எலக்ட்ரானுக்கு வெளிவரும் இருபது ஃபோட்டானை) தொட்டார்கள். ஒன்றை மட்டும் மாற்றி அங்கே போக முடியாது.

மார்ச் 14
தட்டையான முகப்பு: ஒளிவிலகல் எண் 2.5 என்றால் தப்பும் கூம்பின் அரைக்கோணம் 24 பாகை, ஒரு பக்கம் வெளிவருவது 4 சதவீதம். சபையரின் பின்புறத்தைச் சொரசொரப்பாக்குங்கள். சாதாரண சிலிக்கோன் உறை வேண்டாம். இந்தக் கதிரில் மஞ்சளாகி விரிசல் விடும். குவார்ட்ஸ் சாளரம் அல்லது ஃப்ளுரோபாலிமர் போடுங்கள். சோதிக்கும்போது கண்ணையும் முகத்தையும் முழுதும் மூடும் புறஊதாத் தடுப்புக் கவசம் கட்டாயம்: கண்ணுக்குத் தெரியும் மங்கல் நீலத்தை வைத்துக் கதிரின் அளவை மதிப்பிடவே முடியாது.