சென்னையிலிருந்து மூணாறு: காரா, விமானமா?

லீவு வந்தால் எல்லா வீட்டிலும் இதே பட்டிமன்றம்தான். ஒருவர் மொபைலில் டிக்கெட் விலை பார்ப்பார், இன்னொருவர் பெட்ரோல் கணக்குப் போடுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது குறைவோ அதை எடுப்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. பெட்ரோலோடு ஒப்பிட வேண்டியது டிக்கெட்டை மட்டும் இல்லை. விமானம் இறங்கிய பிறகு ஏறும் டாக்ஸியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மூணாறு மாதிரி ஊருக்கு அந்த டாக்ஸிதான் முடிவைச் சொல்லும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகள். கைவசம் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். வீடு தாம்பரம் பக்கம்.

கார் வழி இது: திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு. ஏறக்குறைய 590 கிலோமீட்டர். போக வர 1,180, மூணாற்றுக்குள் சுற்ற ஒரு 200. ஆக 1,380. நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி, நடுவில் மலை. இதற்கெல்லாம் சேர்த்து லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று வைப்பதே நியாயம். கம்பெனி சொல்லும் 20-ஐ நம்ப வேண்டாம். சுமார் 99 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 10,000. டோலுக்கு 1,300 ஒதுக்குங்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று திருச்சி போய்ச் சேர்வதற்குள்ளேயே ஆறு. டயர் தேய்மானம், சர்வீஸ் இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசு. அது ஒரு 1,650. இதைப் பலர் எழுதுவதே இல்லை. போகும்போது தேனியில் ஒரு இரவு ரூம் 2,500, வழிச்சாப்பாடு 3,000. கூட்டினால் 18,500 பக்கம் வரும்.

இப்போது விமானம். மூணாற்றுக்கு விமான நிலையம் கிடையாது. கொச்சியில், அதாவது நெடும்பாசேரியில் இறங்கி, பெரும்பாவூர், கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக 110 கிலோமீட்டர் ஏற வேண்டும். நாலு மணி நேரம். டிக்கெட் ஒருவருக்கு ஒரு வழி 4,500 என்றால், எட்டு டிக்கெட் 36,000. கொச்சியில் ஏற்றி, நாலு நாள் கூடவே இருந்து, திரும்பக் கொண்டுவந்து விடும் டாக்ஸிக்கு 14,000 என்று வையுங்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக வர 1,600. மொத்தம் 51,600.

இதில் கவனிக்க வேண்டியது வித்தியாசத் தொகை இல்லை. டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். தரையில் ஆகும் செலவே 15,600. கார் பயணத்தின் மொத்தச் செலவு 18,500. எட்டு டிக்கெட்டையும் தலா 360 ரூபாய்க்குக் கொடுத்தால்தான் இரண்டும் சமமாகும். 'ஆஃபர் வரட்டும், புக் பண்ணலாம்' என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. உங்கள் ஊர் டாக்ஸி விலை, ஓட்டல் விலை வேறாக இருக்கலாம். எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், முடிவு பெரிதாக மாறாது.

அப்படியானால் விமானமே வேண்டாமா? பணத்தைப் பார்த்தால் வேண்டாம். நாள் கணக்கைப் பார்த்தால் வேண்டும்.

வாசலிலிருந்து வாசல் வரை நேரத்தை எண்ணுங்கள். விமானம் பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டரைப் புறப்படுவதற்கு 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். பிள்ளைகளோடு போவதால் வீட்டை விட்டு மூன்று மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். கொச்சியில் பெட்டி வர அரை மணி, பிறகு நாலு மணி நேர மலைச்சாலை, நடுவில் சாப்பாடு. ஒன்பதரை மணி நேரம். காரில் திருச்சிக்கு ஐந்தரை, திண்டுக்கல்லுக்கு ஒன்றரை, தேனிக்கு ஒன்றேமுக்கால், அங்கிருந்து மூணாற்றுக்கு இரண்டேமுக்கால், நிறுத்தங்களோடு பதினாலு. வித்தியாசம் நாலரை மணி நேரம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்றே நாள் இருந்தால் காரில் போய்வருவதற்கே இரண்டு நாள் சரியாகப் போய்விடும். ஒரு நாள் ஊர் பார்க்க 1,380 கிலோமீட்டர் ஓட்டுவது தண்டனை. அதற்குக் காலை ஆறு மணி விமானம்தான் சரி. மதியம் ஒரு மணிக்கு மூணாற்றில் சாப்பிடலாம். ஐந்து நாள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கார்தான். நாலு நாள் என்றால்தான் இழுபறி. அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் வீட்டில் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால் விமானம், அல்லது ஆக்டிங் டிரைவர். நாளுக்கு 1,500, பேட்டா, தங்க இடம் எல்லாம் சேர்த்தாலும் விமானச் செலவின் பக்கத்தில் வராது. ஆனால் ஐந்து பேர் உட்கார்ந்த சின்னக் காரில் பின்சீட்டில் மூன்று பேர், மலையில் வாந்தி. அதையும் கணக்கில் சேருங்கள்.

இதே குடும்பம் கோவா போவதாக இருந்தால் பேச்சே வேறு. சாலையில் 900 கிலோமீட்டருக்கு மேல். விமான நிலையமோ டாபோலிம், மோபா என்று இரண்டு. தங்கும் பக்கம் பார்த்து இறங்கினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடற்கரை. அங்கே விமானம்தான். இறங்கியபின் டாக்ஸி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் பறக்கலாம். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் காரை யோசிக்கலாம். இதை விட நம்பகமான அளவுகோல் கிடையாது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு, பலருக்கு நினைவே வருவதில்லை. 2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலிலிருந்து மதுரை, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு வாரம் மூன்று நாள் இரவு ரயில் ஓடுகிறது. தூங்கி எழுந்தால் போடி. அங்கிருந்து டாக்ஸியில் 70 கிலோமீட்டருக்கும் குறைவு. உங்கள் லீவு அந்த மூன்று நாளோடு ஒத்துப்போனால் காரையும் விமானத்தையும் இரண்டையுமே மறந்துவிடலாம்.

விமானம் என்று முடிவானால் சில விஷயம். கொச்சியில் மதியத்துக்குள் இறங்கும் விமானமாக எடுங்கள். மூன்று மணிக்கு இறங்கினால் நேரியமங்கலம் காட்டுப் பகுதியில் இருட்டிவிடும். மழைக்காலத்தில் பனிமூட்டமும் சேரும். திரும்பும்போது மாலை ஆறு மணி விமானத்துக்கு மூணாற்றிலிருந்து பதினோரு மணிக்கே இறங்கத் தொடங்க வேண்டும். சீயப்பாறை அருவி பக்கம் நிற்கும் வண்டிகள், கோதமங்கலம், பெரும்பாவூர் நெரிசல் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தை விழுங்கும். குழந்தைக்கு இரண்டு வயது முடியும் நாள் பயணத்துக்கு நடுவில் வந்தால், போகும்போது மடியில், வரும்போது தனி சீட். அதைப் புக் செய்யும்போதே பாருங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பல உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. மூணாற்றுக் குளிருக்கு நாலு ஸ்வெட்டர் வைத்தாலே ஒரு பெட்டி ரொம்பிவிடும். மதுரையிலோ கோவையிலோ இறங்கினாலும் தூரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். கோவை வழியில் உடுமலை தாண்டிச் சின்னார் காடு அழகு. ஆனால் அந்தச் செக்போஸ்ட்டில் இரவில் வண்டி விடமாட்டார்கள்.

கார் என்று முடிவானால், முதலில் டயர். ஓரத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன், அதாவது டயரின் வரி, எவ்வளவு இருந்தாலும் ஆறு வயதான டயரில் முழுச் சுமையோடு மே மாத வெயிலில் ஓடுவது விஷப்பரீட்சை. காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நெடுஞ்சாலையில் சூடான டயரில் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிடுவார்கள். முழுச் சுமைக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடியுங்கள். பஞ்சரான பிறகுதான் அதிலும் காற்றில்லை என்பது தெரியும்.

பாஸ்டேகில் பணம் இருந்தால் மட்டும் போதாது, அது பிளாக்லிஸ்ட் ஆகாமல் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி ஊர் போகிறவர்கள் வருடப் பாஸைப் பார்க்கலாம். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு வந்தது, 200 டோல் அல்லது ஒரு வருடம். சொந்தக் காருக்கு, தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும்.

ஒரே மூச்சில் போவதானால் காலை நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் என்றால் பெருங்களத்தூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்று செங்கல்பட்டைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின இரவு இந்தச் சாலையில் இறங்கவே வேண்டாம். நாலு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு விழுப்புரத்தில் டிபன், பத்தரைக்குத் திருச்சி, பன்னிரண்டரைக்குத் திண்டுக்கல், மூன்றரைக்குப் போடி, ஆறு மணிக்கு வெளிச்சத்தோடு மூணாறு. ஆபத்தான நேரம் அதிகாலை மட்டும் இல்லை, மதியம் இரண்டிலிருந்து நாலும்தான். திண்டுக்கல்லில் பிரியாணியை ஓட்டுகிறவர் தவிர மற்ற எல்லாரும் சாப்பிடலாம். இதற்கு ஓட்டுகிறவர் சம்மதிப்பதில்லை என்பதால்தான் தேனியில் ரூம் போடச் சொல்வது. இரவு அங்கே தூங்கிவிட்டுக் காலையில் மலை ஏறினால் பிள்ளைகளுக்கும் வாந்தி குறைவு. காலையில் இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம், மொபைலை வாங்கி வைத்துவிடுங்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பின்சீட்டிலும் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருக்கக் கூடாது. 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம்.

போடியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், கேரளாவில் பெட்ரோல் விலை கூடுதல். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது சின்ன இன்ஜின் காரில் ஏசியை நிறுத்தி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போகலாம். உண்மையான சோதனை திரும்பி இறங்கும்போதுதான். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. மூன்றாவதில் போட்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால், ஆறேழு வளைவு தாண்டியதும் ரப்பர் எரிகிற மாதிரி நாற்றம் வரும். அது கிளட்ச் என்று நினைத்துவிடாதீர்கள், பிரேக் பேட். அதற்கு அடுத்து பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நாற்றம் வந்த உடனே அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆற விடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும், பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் உதறும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே இறங்காமல் எல் அல்லது மேனுவலில் போடுங்கள். ஏறி வருகிற பஸ்ஸுக்கு வழி விட்டு நில்லுங்கள். நடுவளைவில் நிறுத்த வைத்தால் மறுபடி கிளப்ப பஸ் டிரைவருக்குத்தான் பாடு.

மழை இரு வழிக்கும் பொது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நடுவே உள்ள கேப் ரோட்டில் மண் சரிவு உண்டு. கனமழையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்தைத் தடை செய்வதும் உண்டு. நேரியமங்கலம் பக்கமும் அப்படித்தான். நவம்பர், டிசம்பர் என்றால் சிக்கல் சென்னைப் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், இரண்டு புயலுக்கும் மீனம்பாக்கத்தை மூடினார்கள். காரில் போனவர் ஒரு நாள் தள்ளிக் கிளம்பலாம். ரூம் பணம் மட்டும்தான் போகும்.

வரும் வழியில் கொடைக்கானலையும் பார்த்துவிடலாம் என்று வத்தலக்குண்டில் திருப்புகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு திருப்புங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். மலையடிவாரத்தில் நின்றுகொண்டு டவர் இல்லாமல் ஓடிபிக்காகக் காத்திருக்காமல், மூணாற்று ஓட்டல் வைஃபையிலேயே எடுத்துவிடுங்கள்.