28 ஹோம் ரன்களும் 13 தங்கக் கையுறைகளும்

“சேர், அவர் மொத்தமா எத்தன ஹோம் ரன் அடிச்சிருக்கார்?” என்று இலங்கையின் மட்டைப்பந்து விளையாட்டான எல்லேயில் பயிற்சி முடிந்த ஒரு மாலையில் தரம் 7 மாணவன் என்னிடம் கேட்டான். அமெரிக்க பேஸ்போல் வீரர் ஒஸ்ஸி ஸ்மித்தைத்தான் கேட்டான். ஹோம் ரன் என்பது, பெரும்பாலும் பந்தை மைதான வேலிக்கு அப்பால் அடித்து, அடித்தவரே எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து பெறும் ஓட்டம். 28 என்றேன். “ஒரு வருசத்துலயா சேர்?” என்றான். “இல்ல தம்பி, 19 வருசத்துல” என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் எனக்கு அந்த வாட்டம் பழகியதுதான். ஆனாலும் ஒஸ்ஸி ஸ்மித்தைப் பற்றி அவனுக்குச் சொல்லி முடிக்காததை இங்கே எழுதிவிட விரும்புகிறேன்.

பேஸ்போலில் ஷோர்ட்ஸ்டொப் என்பவர் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நிற்கும் களத்தடுப்பாளர். வலக்கை ஆட்டக்காரர் இழுத்தடிக்கும் பந்து பெரும்பாலும் அவர் பக்கமே உருண்டு வரும். முதல் தளத்துக்கு 90 அடி தூரத்தை ஓட்டக்காரர் நான்கு விநாடிகளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடுவார்; அதற்குள் பந்தை எடுத்து, நிமிர்ந்து, களத்தின் குறுக்கே நெடுந்தூரம் எறிய வேண்டும். ஒரு கணம் தடுமாறினாலும் எல்லாம் வீண்.

ஸ்மித் 1954இல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் லொஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1965இல் கலவரம் மூண்டபோது, குண்டுக்கு அஞ்சி வீட்டார் தரையில் படுத்துறங்கினார்கள். 1983 ஜூலையில் விளக்கணைத்த காம்பராவின் தரையில் படுத்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன் என்பதால், அவரது வாழ்க்கையில் இந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. சிறுவனாக இருந்தபோது, வீட்டுக் கூரைக்கு மேலாகப் பந்தை எறிந்துவிட்டு, அது மறுபக்கம் விழுவதற்குள் சுற்றி ஓடிப்போய்ப் பிடிக்க முயல்வாராம். பன்னிரண்டு காம்பரா லயத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த ஓட்டம் வாய்த்திருக்காது. நிலத்தில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொண்டு, மேலே எறிந்த பந்து இறங்கும் இடத்தைக் கையால் மட்டும் உணர்ந்து பிடித்துப் பழகியதாகவும் சொல்லியிருக்கிறார். இதை யாரும் எங்கும் செய்யலாம். என் மாணவர்களை இப்போது செய்யச் சொல்கிறேன்.

சென் டியாகோ பாட்ரேஸ் அணிக்காக 1978 ஏப்ரலில் அவர் களமிறங்கினார். அதே மாதம் 20ஆம் திகதி, அட்லாண்டா பிரேவ்ஸின் ஜெஃப் பரோஸ் அடித்த பந்துக்காக இடப்பக்கம் பாய்ந்தார். பாய்ச்சலின் நடுவே பந்து நிலத்தில் பட்டு, எதிர்பாராத விதமாக அவருக்குப் பின்புறமாக எகிறியது. கையுறை இடக்கையில் ஏற்கெனவே முன்னே நீண்டுவிட்டது. உடல் அந்தரத்தில் இருக்க, வெறும் வலக்கையைப் பின்னே நீட்டிப் பந்தைப் பற்றினார். விழுந்து, எழுந்து, எறிந்து, ஓட்டக்காரரை ஆட்டமிழக்கச் செய்தார். மலையைச் செதுக்கிச் சமன் செய்த எங்கள் மைதானத்தில், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சரளைக் கல் மேலெழும்பி நிற்கும். அப்படி எகிறிய கிரிக்கெட் பந்தொன்று ஒருமுறை என் மேலுதட்டைக் கிழித்தது. அதன் பிறகு பல மாதங்கள் பந்து வந்தால் என்னை அறியாமலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆகையால் ஸ்மித்தின் அந்தப் பாய்ச்சலைக் காட்டும் காணொளியில் நான் பார்ப்பது அவருடைய கையை அல்ல, கடைசிவரை பந்தை விட்டு விலகாத கண்களை.

துடுப்பெடுத்தாடுவதில் அவர் தொடக்கத்தில் பலவீனமானவர்தான். 1979இல் அவரது சராசரி .211; அதாவது, ஆயிரம் வாய்ப்புக்கு 211 வெற்றிகரமான அடிகள் என்ற கணக்கு. ஆயினும் மறு ஆண்டு களத்தில் 621 உதவி ஆட்டமிழப்புகளை (பந்தை எறிந்தோ தட்டியோ சக வீரர் ஆட்டமிழக்கச் செய்ய உதவுவது) செய்தார். ஷோர்ட்ஸ்டொப் ஒருவர் ஒரு பருவத்தில் செய்தவற்றில் அதுவே அதிகம். 1982இல் கெரி டெம்பிள்டனுக்கு மாற்றாகச் சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குச் சென்றார், அவ்வாண்டே அந்த அணி அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. அடிக்கத் தெரியாதவர் என்ற பெயரையும் அவர் பொறுமையாக உழைத்தே மாற்றினார்: 1987இல் சராசரி .303, அவரது ஆட்டத்தால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள் 75. அந்தப் பருவத்தில் ஒரு ஹோம் ரன்கூட இல்லை. இருந்தும் தேசிய லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரருக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றார். என் மாணவனுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஆண்டு அதுதான்.

1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 முறை, சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது பெற்றார். 1996இல் ஓய்வுபெற்றபோது 2,460 வெற்றிகரமான அடிகளும் 580 தளத் திருட்டுகளும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) அவர் பெயரில் இருந்தன. 2002இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, பேஸ்போலின் தலைசிறந்தவர்களுக்கான புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். எங்கள் எல்லே அணியில் அடிக்க வரும் வரிசையில் எப்போதும் தள்ளுமுள்ளுதான். தேயிலைச் சரிவோரம் நின்று தடுக்க மட்டும் ஆள் தேட வேண்டியிருக்கும். ஹோம் ரன் கணக்குக் கேட்ட அந்த மாணவனை மறுநாள் அந்த இடத்தில் நிறுத்தினேன். “கண்ண மூடக் கூடாது தம்பி” என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது பந்தை வெறும் கையால் பிடித்தான்.