அசிடாபுலம் உடைந்த படத்தைப் படிக்கும் வரிசை

விபத்தில் அடிபட்டவரின் இடுப்பு எக்ஸ்ரே திரையில் ஏறியதும் கண் நேராகப் போவது தொடை எலும்பின் தலைக்குத்தான். தலை அசிடாபுலத்தை, அதாவது அது உட்கார்ந்திருக்கும் இடுப்புக் குழியை, விட்டு விலகியிருந்தால் முதல் வேலை எலும்பு மருத்துவருக்குப் போன் செய்வது. முடிந்தவரை 6 மணி நேரத்துக்குள் அதை உள்ளே தள்ள வேண்டும். தாமதித்தால் ரத்த ஓட்டம் கெட்டுத் தலை செத்துப்போகும் ஆபத்து கூடும். போனை வைத்த பிறகு மறுபடி படத்துக்கு வந்து, இரண்டு பக்கத்திலும் ஆறு கோடுகளைத் தேடுவேன். சி.டி. ஸ்கேன் அதற்குப் பிறகுதான்.

குழியை முன்னும் பின்னும் இரண்டு எலும்புத் தூண்கள் தாங்குகின்றன. அந்த ஆறில் இலியோபெக்டினியல் கோடு முன்தூணுக்கும் இலியோஇஸ்கியல் கோடு பின்தூணுக்கும் உரியவை. பிறகு குழியின் கூரை, கண்ணீர்த்துளி வடிவம், முன்சுவர் விளிம்பு, பின்சுவர் விளிம்பு. பின்சுவர் விளிம்புதான் வெளிப்பக்கமாக இருக்கும். அது தலையின் நிழலுக்குள்ளேயே விழுவதால் எளிதில் தப்பிவிடும். ஆனால் அதிகம் உடைவதும் அதுதான். காரில் உட்கார்ந்தபடி முழங்கால் டேஷ்போர்டில் மோதினால், தொடை எலும்பு பின்னோக்கிப் பாய்ந்து அந்தச் சுவரைப் பெயர்த்துவிடும். நல்ல பக்கத்து விளிம்போடு ஒப்பிட்டால்தான் விடுபட்ட துண்டு தெரியும்.

பிரான்ஸின் எலும்பு மருத்துவர்களான ஜூடே சகோதரர்களும் லெட்டூர்னலும் 1964-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்: ஐந்து எளிய வகை, ஐந்து கலப்பு வகை. அந்த இரண்டு தூண்களும் தலைகீழ் 'Y' போலக் குழியைத் தாங்குகின்றன என்பது மனதில் பதிந்துவிட்டால் பத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஜூடே படங்கள் எனப்படும் சாய்வு எக்ஸ்ரேக்களுக்கு உடம்பை 45 டிகிரி சாய்க்க வேண்டும். அடிபட்ட பக்கத்தை உயர்த்தினால் குழிக்குக் கீழே இடுப்பெலும்பில் உள்ள ஆப்டுரேட்டர் ஓட்டை விரிந்து, முன்தூணும் பின்சுவரும் தெளியும். நல்ல பக்கத்தை உயர்த்தினால் இடுப்பெலும்பின் அகன்ற மேல்பகுதியான இலியம் சிறகு விரிந்து, பின்தூணும் முன்சுவரும் தெளியும். வலியில் துடிப்பவரைப் புரட்டுவது கொடுமை. மெல்லிய துண்டுகளாக எடுத்த சி.டி. இருந்தால் அதே கோணங்களைக் கணினியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

சி.டி.யின் குறுக்குவெட்டில் கூரை மட்டத்தில் நின்று விரிசல் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். இடவலமாக ஓடி எலும்பை முன்பாதி, பின்பாதி என்று பிரித்தால் தூண் முறிவு. முன்னிருந்து பின்னாக ஓடினால் குறுக்கு முறிவு. பெயரில் 'குறுக்கு' இருக்கிறதே என்று இடவலமாகத் தேடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்த முறிவு எலும்பை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிக்கிறது. அதன் தளம் சாய்ந்திருப்பதால் வெட்டில் நெடுக்காகத் தெரிகிறது. சுவர் முறிவு ஓரத்தில் சாய்வாக ஓடும்.

அடுத்த கேள்வி, ஆப்டுரேட்டர் ஓட்டையைச் சுற்றியுள்ள எலும்பு வளையம் உடைந்திருக்கிறதா என்பது. வெறும் குறுக்கு முறிவில் அது முழுதாக இருக்கும். குறுக்கு முறிவோடு வளையமும் பிளந்திருந்தால் 'T' வடிவ முறிவைச் சந்தேகிக்கலாம். இலியம் சிறகு வரை விரிசல் ஏறியிருந்தால் முன்தூணோ இரு தூண்களுமோ போயிருக்கும். இரு தூண் முறிவில் மூட்டுப் பரப்பின் ஒரு துணுக்குகூட முதுகெலும்போடு ஒட்டியிருக்காது. அப்போது மிச்சமுள்ள இலியத்தின் நுனி, குழிக்கு மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த முள்ளைக் கண்டால் வகையில் சந்தேகமே வேண்டாம்.

தலையை உள்ளே போட்ட பிறகு கட்டாயம் இன்னொரு சி.டி. வேண்டும். அரிசி அளவுத் துணுக்கு ஒன்று இடையில் சிக்கியிருந்தாலும் குருத்தெலும்பைத் தேய்த்துவிடும். எக்ஸ்ரேயில் அது இரண்டு பக்க மூட்டு இடைவெளியில் மயிரிழை வித்தியாசமாக மட்டுமே தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. உடைந்த விளிம்பை ஒட்டிய மூட்டுப் பரப்பு பஞ்சு எலும்புக்குள் அமுங்கியிருக்கிறதா என்றும் பார்த்து அறிக்கையில் எழுதுவேன். அதைத் தூக்கி நிறுத்தாமல் சுவரை மட்டும் பொருத்தினால் மூட்டு பொருந்தாது.

வயதானவர் நின்ற நிலையில் விழுந்தாலே போதும், குழியின் உட்சுவர் உள்ளே தள்ளப்பட்டு, கூரையின் உட்பகுதி கடற்காகம் சிறகு விரித்தது போல மடிந்துவிடும். இடுப்பின் முன்பக்கத்து ப்யூபிஸ் எலும்பில் மட்டும் சிறு விரிசல் என்று எழுதி அனுப்பும் முன், காலூன்ற முடிகிறதா என்று கேட்டுவிட வேண்டும். முடியவில்லை என்றால் சி.டி. எடுக்கச் சொல்வேன், அந்த விரிசல் குழிக்குள்ளேயே ஓடியிருக்கலாம்.