பங்கின் ஏற்றமா, துறையின் ஏற்றமா?

ஒரு பங்கின் விலை சில வாரங்களில் வேகமாக ஏறியிருந்தால், அதை வாங்குவதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த ஏற்றம் அந்த நிறுவனத்துக்கே உரியதா, அல்லது அது சார்ந்த துறை முழுவதும் ஏறியதால் இதுவும் சேர்ந்து ஏறியதா? துறைப் பகுப்பாய்வு என்றவுடன், அடுத்து எந்தத் துறை ஏறும் என்று கணிப்பதையே பலரும் நினைக்கிறார்கள். அதன் பெரும்பயன் அங்கே இல்லை. நாம் போட்ட பணம் உண்மையில் எதை நம்பி நிற்கிறது என்பதைக் காட்டுவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

2022-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சந்தையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஏறத்தாழ 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு அவ்வாண்டில் ஏறத்தாழ 19 சதவீதம் சரிந்தது. அதே குறியீட்டுக்குள் இருந்த எரிசக்தித் துறையோ 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. சிறந்த தொழில்நுட்ப நிறுவனத்தைத் தேடிப் பிடித்தவர் நட்டப்பட, சுமாரான எண்ணெய் நிறுவனத்தை வைத்திருந்தவர் லாபம் பார்த்திருக்கக்கூடிய ஆண்டு அது. இரண்டாண்டுகளுக்கு முன், 2020-இல், அதே எரிசக்தித் துறைதான் எல்லாத் துறைகளிலும் கடைசியில் கிடந்தது. ஏறும் பங்குகள் சில மாதங்களுக்குத் தொடர்ந்து ஏறும் போக்கின் பெரும்பகுதி அவற்றின் தொழில்துறையிலிருந்தே வருகிறது என்று மாஸ்கோவிட்ஸ், கிரின்பிளாட் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 1999-இல் வாதிட்டதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

இதைக் கண்டறிய நான் பயன்படுத்தும் வழி எளியது. ஒரு துறையின் பங்குகளை மட்டும் கொண்ட துறைக் குறியீட்டைப் பொதுச் சந்தைக் குறியீட்டால் வகுத்து, வாரந்தோறும் கிடைக்கும் எண்ணை ஒரு கோடாக வரைய வேண்டும். சந்தை 10 சதவீதம் இறங்கும்போது துறை 4 சதவீதம் மட்டுமே இறங்கினால்கூட இந்தக் கோடு மேலே செல்லும். விலை வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாத வலிமை இது. அடுத்து, பங்கின் விலையைத் துறைக் குறியீட்டால் வகுத்து இன்னொரு கோடு வரைய வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறும் பங்குகளையே நான் நாடுகிறேன். துறைக் கோடு ஏறிப் பங்கின் கோடு இறங்கினால், அலையில் மிதந்து வரும் பங்கு அது. அலை தணிந்ததும் முதலில் விழுவது பெரும்பாலும் அதுவே.

ஆனால் துறைக் குறியீட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு பெரிதாக இருக்க இருக்கக் கூடுதல் எடை தரும் குறியீடுகளில் ஓரிரு பெரிய நிறுவனங்களே முழுத் துறையின் முகமாகிவிடுகின்றன. அமெரிக்காவின் விருப்ப நுகர்வுத் துறையில், அதாவது அத்தியாவசியமல்லாத பொருட்களையும் சேவைகளையும் விற்கும் துறையில், அமேசானும் டெஸ்லாவும் அப்படித்தான். எல்லா நிறுவனங்களுக்கும் சம எடை தரும் குறியீட்டையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் ஏற்றம் எத்தனை பேருக்குச் சொந்தம் என்பது புலப்படும். நிறுவனங்கள் துறை மாறுவதும் உண்டு: விசாவும் மாஸ்டர்கார்டும் 2023 மார்ச்சில் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து நிதித் துறைக்கு மாற்றப்பட்டன. இதை அறியாமல் பழைய தரவையும் புதிய தரவையும் ஒப்பிடுவது தவறான முடிவில் கொண்டுபோய் விடும்.

பொருளாதாரத்தின் எந்தக் கட்டத்தில் எந்தத் துறை ஏறும் என்று சொல்லும் துறைச் சுழற்சி அட்டவணைகளை நான் பின்புலமாக மட்டுமே கொள்கிறேன். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது அப்போதே தெரிவதில்லை. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை, அதைத் தேதியிடும் பொருளாதார ஆய்வு அமைப்பு அறிவித்தது 2008 டிசம்பரில்தான்.

இடர் மேலாண்மையில் இந்தப் பகுப்பாய்வு இன்னும் அதிகமாகக் கைகொடுக்கிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோது, அதனோடு நேரடித் தொடர்பில்லாத பல வட்டார வங்கிகளின் பங்குகளும் ஒரே சமயத்தில் கடுமையாகச் சரிந்தன. ஐந்து வங்கிகளின் பங்குகளை வைத்திருப்பவர் தன் இடரைப் பரவலாக்கியதாக எண்ணலாம். அத்தகைய நாட்களில் அவர் கையில் இருப்பது ஒரே வர்த்தகம், ஐந்து மடங்கு அளவில். ஆகவே ஸ்டாப் லாஸை, அதாவது விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் விற்றுவிடும் வரம்பை, பங்குக்குப் பங்கு தனியாக வைத்தாலும், ஒரே துறைப் பங்குகள் அனைத்திலும் அது ஒரே நாளில் அடிபட்டால் மொத்த நட்டம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தத் தொகை தாங்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே அடுத்த பங்கைச் சேர்க்கிறேன்.