ஒரு கிலோ ராகியில் ஒரு கல்

பென்னாகரம் பக்கம் எங்கள் வீடு ஊருக்குள் இல்லை, காட்டுக்குள் தனிக் கொட்டாய். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அம்மா அங்கிருந்து குடத்தில் கொண்டுவருவார். மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர். முட்டி வலிக்கிற நாளில் இந்தக் கணக்கு மாறிவிடும், களியும் போர் தண்ணீரிலேயே வேகும்.

அந்த போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து வாங்கிய தாள் என் பையிலேயே இருக்கிறது. லிட்டருக்கு ஃபுளூரைடு 2.85 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 1. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். என் முன்பற்களில் இருக்கும் காவிக் கோடுகளுக்கும் பெரியப்பாவின் வளையாத இடுப்புக்கும் காரணம் அந்த ஒரு வரிதான். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடின் அடர்த்தி இன்னும் கூடும்.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டே கேட்டார்:

“நாலு வருஷமா தண்ணிய சுத்தம் பண்றதப் பத்திப் படிக்கிறேன்னு சொல்றியே பாப்பா, உன் கம்ப்யூட்டர்ல எவ்ளோ தண்ணி இருக்கு?”

“அறுபத்தி நாலும்மா.”

“குடமா?”

மூலக்கூறு என்று சொல்ல வாய் வரவில்லை.

என் முனைவர் பட்ட வேலை கணினி வேதியியல். தண்ணீரிலிருந்து ஃபுளூரைடைப் பிரித்தெடுக்க உதவும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பரப்பில் ஃபுளூரைடு அயனி எப்படி ஒட்டுகிறது என்று கணக்குப் போடுவது. அந்த முறையை டி.எஃப்.டி. (density functional theory) என்போம். 1964, 65இல் வால்டர் கோன் கூட்டாளிகளோடு சேர்ந்து அடித்தளம் போட்ட முறை, 1998இல் அவருக்கு நோபல் கிடைத்தது. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகத் துரத்தாமல் அவற்றின் அடர்த்தியை வைத்தே ஆற்றலைக் கணிப்பது. அப்படியும் மெதுவாகத்தான் நகரும். ஹைட்ரஜன் துள்ளிக்கொண்டே இருப்பதால் அரை ஃபெம்டோ விநாடிக்கு ஒரு தடவை எல்லா அணுக்களையும் நகர்த்திக் கணக்குப் பார்க்க வேண்டும். பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் ஒரு நாள் முழுக்க ஜாப் ஓடினால் எனக்குக் கிடைப்பது 2 பிகோ விநாடி (2,000 ஃபெம்டோ விநாடி), அதாவது ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. அதனால்தான் 64 மூலக்கூறோடு நின்றது.

முதல் வருஷம் அந்த 64கூட இல்லை. வெறும் அலுமினாவையும் ஒரு ஃபுளூரைடையும் வெற்றிடத்தில் வைத்து மூன்று வாரம் ஓட்டி, ஒட்டும் ஆற்றல் பிரமாதமாக வந்திருக்கிறது என்று கைடிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு “தண்ணி எங்கம்மா?” என்றார், அவ்வளவுதான். ஃபுளூரைடு சின்ன அயனி. தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியைக் கொஞ்சம் விட்டால்தான் பரப்பிலுள்ள ஹைட்ராக்சிலை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) தள்ளிவிட்டு அலுமினியத்தோடு சேர முடியும். அந்தச் செலவைக் கழித்ததும் என் பிரமாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். 64 தண்ணீருக்கு ஒரு ஃபுளூரைடு என்றால் லிட்டருக்குச் சுமார் 16.5 கிராம். அதைக் குடித்தால் ஆளே போய்விடுவார்கள். எங்கள் போர் தண்ணீரில் ஒரு ஃபுளூரைடுக்கு 3,70,000 தண்ணீர் மூலக்கூறு!

இந்த எண் மனசில் நிற்கவில்லை. ஊரிலிருந்து ஒரு பிடி ராகி கொண்டுவந்து, ஆய்வகத்தில் உட்கார்ந்து ஆயிரம் மணி எண்ணி (இரண்டு தடவை கணக்கு விட்டுப்போனது, ஜூனியர் பையன் சிரித்தான்) தராசில் வைத்தேன். 2.7 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோவில் 3,70,000 மணி. எங்கள் போர் தண்ணீர், ஒரு கிலோ ராகியில் ஒரே ஒரு கல்.

போனில் இதைச் சொன்னதும் அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. “கல்லு மட்டுமா இருக்கும்? உமி, தூசி?”

அங்கேதான் என் ஆய்வே திரும்பியது. அந்தப் பரிசோதனைத் தாளில் ஃபுளூரைடு வரியை மட்டும் படித்துப் பழகிவிட்டேன். காரத்தன்மை 300 என்று இன்னொரு வரி இருக்கிறது. அமிலத்தை ஈடுகட்டும் திறன் அது, இந்தத் தண்ணீரில் பெரும்பாலும் பைகார்பனேட்டால் வருவது. பைகார்பனேட்டாக மாற்றிப் பார்த்தால் ஒரு ஃபுளூரைடுக்கு 40 பைகார்பனேட், அதுவும் அலுமினாவில் அதே இடத்துக்குப் போட்டி போடும். எங்கள் பக்கத்துக் கருங்கல் பாறையில் ஃபுளூரைடு உள்ள கனிமங்கள் உண்டு. பைகார்பனேட் கூடி, கால்சியம் குறைந்த தண்ணீர் அவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கால்சியம் தாராளமாக இருந்தால் ஃபுளூரைடோடு சேர்ந்து படிந்துவிடும். அதாவது ஃபுளூரைடு அதிகமுள்ள தண்ணீரிலேதான் பெரும்பாலும் அதன் போட்டியாளும் கூட்டமாக வருகிறான். போதாக்குறைக்கு அலுமினா நன்றாக வேலை செய்வது பி.எச். 5.5, 6 பக்கம். எங்கள் தண்ணீர் 7.9. அங்கே ஹைட்ராக்சைடும் வரிசையில் நிற்கும். அளவில் அது கிட்டத்தட்ட ஃபுளூரைடு மாதிரியே இருப்பதால் பரப்புக்கு ஆள் அடையாளமும் தெரியாது.

ஃபுளூரைடு ஒட்டுமா என்று மூன்று வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டும், அது பழைய சேதி. நாற்பது பேர் நெருக்கித் தள்ளும்போது அதற்கு இடம் கிடைக்குமா என்பதல்லவா கேள்வி? கைடு முதலில் முகம் சுளித்தார், நான்காம் வருஷத்தில் தலைப்பைத் தொடுகிறாயே என்று. அப்புறம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “சரி, முதல்ல பைகார்பனேட்டைப் போட்டு ஓட்டு” என்றார். கணினிக்குள் 64 தண்ணீர் இருக்கும் பெட்டியை 3,70,000க்குப் பெரிசாக்க எந்த கிளஸ்டரும் போதாது. எனவே ஒரே இடத்தில் ஃபுளூரைடு உட்கார்ந்தால் எவ்வளவு, பைகார்பனேட் உட்கார்ந்தால் எவ்வளவு என்று ஆற்றல் வித்தியாசத்தை எடுத்து, 1:40 என்ற விகிதத்தைப் பிற்பாடு கணக்கில் சேர்க்கிறேன்.

அந்த ஜாப் இன்று காலை 11 பிகோ விநாடியைத் தாண்டியது. பைகார்பனேட் இன்னும் பரப்பை விட்டு நகரவில்லை.

நேற்று அம்மா போன் செய்தார். தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “எடுத்துட்டுப் போன ராகிய என்ன பண்ணின, கூழாவது காய்ச்சினியா?” என்றார். எண்ணிய ஆயிரமும் என் மேசையில் மாதிரிப் புட்டி ஒன்றில் இருக்கின்றன. மிச்சத்தை ஜூனியர் பையன் ஜன்னலோரம் புறாவுக்குப் போட்டுவிட்டான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.